ஒரு நாளைக்கு 180 லிட்டர்: சிறுநீரகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். சிறுநீரகப் பாடம் வந்தால் படம் வரைந்து, பாகம் குறித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிறகு என் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பயாலஜி வாத்தியார் என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதும், நான் சொன்னதும், வீட்டுக்கு வந்து படித்துத் திருத்திக்கொண்டதும்தான் இவை. எந்த மாத்திரையைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இங்கே இருப்பது சிறுநீரகம் வேலை செய்யும் விதம்.

இடுப்பு வலிக்கிறது. கிட்னியாக இருக்குமோ?

கிட்னி இருப்பது இடுப்பில் இல்லை, அதற்கு மேலே. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகள் முடிகிற இடத்தில், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. மேலே கல்லீரல் இருப்பதால் வலது பக்கத்துக் கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கும். கறிக்கடையில் குண்டிக்காய் பார்த்திருப்பீர்கள். நம்முடையதும் அதே வடிவம்தான், அளவில் பெரியது.

குனிந்தால் கூடி, படுத்தால் குறைகிற வலி பெரும்பாலும் தசையோ முதுகெலும்போ சம்பந்தப்பட்டது. கல் இருந்தால் கிட்னி வலிக்கும், கிருமித் தொற்று இருந்தால் வலிக்கும். மெல்ல மெல்லச் செயலிழக்கும்போது மட்டும் பெரும்பாலும் வலிக்காது. அம்மாவுக்குக் கடைசிவரை அங்கே ஒரு சுருக்குக்கூடத் தெரிந்ததில்லை.

கிட்னி ஒரு வடிகட்டி, அவ்வளவுதானே?

நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. டீ வடிகட்டி சக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு டீயைக் கீழே விடும். கிட்னி செய்வது போகிக்கு முந்தின நாள் நம் வீட்டில் நடப்பதைப் போன்றது. பரண், அலமாரி, பெட்டி எல்லாவற்றையும் காலி செய்து முற்றத்தில் போடுவோம். அப்புறம் வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்போம். யாரும் எடுக்காமல் கிடப்பது வெளியே போகும்.

இந்த வேலையைச் செய்யும் நுண்ணிய அமைப்புக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நூல்பந்து மாதிரி சுருண்ட ரத்தத் தந்துகிகள் இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மல்பீகி நுண்ணோக்கி வழியாக இந்தப் பந்துகளைப் பார்த்தார். அதைச் சுற்றியிருக்கும் கிண்ணம் ஒரு நீண்ட குழாயின் வாய் என்பதை 1842இல் இங்கிலாந்தின் வில்லியம் பௌமன் காட்டினார். இதயம் தள்ளும் அழுத்தத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பந்திலிருந்து கிண்ணத்துக்குள் வடிகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா போன்ற சிறிய பொருள் எல்லாமே, நல்லது கெட்டது பார்க்காமல் வெளியே வந்துவிடும். அதுதான் முற்றத்தில் கொட்டுவது. பிறகு குழாய் நெடுகிலும் வேண்டியதை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இப்படிச் சுற்றி வளைத்துச் செய்வானேன், கழிவை மட்டும் பிடித்து வெளியே தள்ளினால் போதாதா என்று ஒரு அண்ணன் கேட்டார். அருமையான கேள்வி. கழிவை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கழிவுக்கும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் எத்தனை நஞ்சு, எத்தனை மருந்து! உடம்பு தன் ஆயுளில் பார்த்தே இராத ஒரு பொருளை இன்றைக்கு நீங்கள் விழுங்கலாம். வேண்டியவற்றின் பட்டியல் சின்னது. அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், முன்பின் தெரியாத பொருளும் வெளியேற வழி கிடைக்கிறது. கழிவு சிலவற்றைக் குழாயின் சுவரே குறிப்பாகப் பிடித்து வெளியே தள்ளுவதும் உண்டு. ஆனாலும் அடிப்படை, கொட்டிவிட்டுத் திரும்ப எடுப்பதுதான்.

நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது என்கிறார்கள். ரத்தமே 5 லிட்டர்தானே?

அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உடம்பு எடையில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாத இரண்டு கிட்னிகளுக்கும், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். அதிலிருந்து நிமிடத்துக்கு சுமார் 125 மில்லி வடிகிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், 180 லிட்டர் வரும். ரத்தத்தில் நீர்ப்பகுதி 3 லிட்டர்தான் என்பதால், அது தினமும் சுமார் 60 தடவை வடிந்து திரும்புகிறது என்று அர்த்தம்.

வெளியே போவது ஒன்றரை லிட்டர் போல. நூறில் 99 பங்கு திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. அந்த 180 லிட்டரோடு சுமார் ஒன்றரைக் கிலோ உப்பும் குழாய்க்குள் இறங்கி, சில கிராம் தவிர மிச்சம் திரும்ப ஏறுகிறது. கணக்குப் போட்டு இந்த எண்ணைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதைப் பெருக்கிப் பார்த்ததில்லை.

சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் சர்க்கரை ஏன் போகிறது?

வடிந்த சர்க்கரையை எடுத்து உள்ளே ஏற்றுவதற்குக் குழாயின் சுவரில் புரதங்கள் இருக்கின்றன. சுமையேற்றும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை சாதாரண அளவில் இருந்தால் அவர்களே முழுவதையும் ஏற்றிவிடுவார்கள், சிறுநீரில் ஒன்றும் மிஞ்சாது. 180 மில்லிகிராமைத் தாண்டினால் ஆள் போதாது. மிச்சம் சிறுநீரில் போய்விடும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது, தாகம் எடுக்கிறது. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை வைத்து நோயைக் கண்டுகொண்ட நம் பெரியவர்கள் பார்த்தது இதைத்தான்.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இந்த ஆட்களைத் தடுத்து, வேண்டுமென்றே சர்க்கரையைச் சிறுநீரில் விடுகின்றன. இந்த வகை மருந்துக்கு மூலம், ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு பொருள். இவை கிட்னியின் தேய்மானத்தையும் மெதுவாக்குகின்றன என்று பிற்பாடு தெரியவந்தது.

தண்ணீர் குடிக்காத நாளில் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறதே?

ரத்தம் கொஞ்சம் கெட்டிப்பட்டதும் மூளை அதை உணர்ந்துவிடும். மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் இறங்கும். நெஃப்ரானின் கடைசிப் பகுதியில் தண்ணீருக்கான கதவுகளை அது திறந்துவிடும், தண்ணீர் திரும்ப உள்ளே போகும், சிறுநீர் சுண்டும்.

கதவு திறந்தால் மட்டும் தண்ணீர் நகர்ந்துவிடாது, வெளியில் அதை இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். அதற்காகத்தான் நெஃப்ரான் நடுவில் கொண்டை ஊசி போல வளைந்து கீழே இறங்கி மேலே ஏறுகிறது. ஹென்லே வளைவு என்று படித்திருப்பீர்கள். ஏறுகிற குழாய் உப்பை வெளியே இறைத்துக்கொண்டே போகும், தண்ணீரை விடாது. அதனால் கிட்னியின் உட்பகுதி ஊறுகாய் ஜாடி மாதிரி உப்பேறிக் கிடக்கிறது. அடி ஆழத்தில் ரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவு. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் விடுகிறதல்லவா, அதே மாதிரி கடைசிக் குழாயிலிருந்து தண்ணீர் அந்த உப்பை நோக்கி வெளியே வருகிறது. பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த நான்கு மடங்கோடு மனிதக் கிட்னியின் திறமை முடிந்துவிடுகிறது. நம் சிறுநீரில் ஏறக்கூடிய உப்பைவிடக் கடல் நீரில் இருக்கும் உப்பு அதிகம். படகு பழுதாகி நடுக்கடலில் நிற்பவர்கள் எவ்வளவு தாகமானாலும் கடல் நீரைக் குடிக்கக் கூடாது என்பது இதனால்தான். குடித்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்க வேண்டிவரும்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது?

பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உண்டாகும் நிறமியிலிருந்து. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் பளீரென்ற மஞ்சள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போட்டால் ஆரஞ்சு, பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிவக்கும். பீட்ரூட் சாப்பிடாமல் சிவந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வலியில்லாமல் ரத்தம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது. குலுக்கிய சோப்புத் தண்ணீர் போல நுரை வந்து, அது அடங்காமல் தினமும் தொடர்ந்தால் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கல் இருந்தால் அப்படி ஒரு வலி ஏன்?

கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. சிறுநீர் அதில் தானாக ஒழுகி இறங்குவதில்லை. மண்புழு நகர்வதுபோல் குழாயின் தசை சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. அதனால்தான் படுத்திருந்தாலும் பை நிரம்புகிறது. அந்தக் குழாயில் இயல்பாகவே குறுகலான இடங்கள் மூன்று உண்டு. கல் அங்கே சிக்கினால் தசை அதைத் தள்ளப் பார்த்து இறுகும். பின்னால் சிறுநீர் தேங்கிக் கிட்னி விம்மும். விலாவில் ஆரம்பித்து அடிவயிறு, தொடை இடுக்குவரை வலி இறங்குவது இதனால்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே வந்துவிடும். கல்லோடு காய்ச்சலும் சேர்ந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

அடக்கி வைத்தால் என்ன ஆகும்?

பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்வு வரும். 400, 500 மில்லிவரை தாங்கும். பையின் வாயில் இரண்டு பூட்டு. உள்பூட்டு நம் சொல் கேட்காது, வெளிப்பூட்டு கேட்கும். கைக்குழந்தைக்கு வெளிப்பூட்டு இன்னும் பழகியிருக்காது. காலில் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று அம்மா சொல்வதும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான்.

ஒருநாள் பஸ்ஸில் அடக்குவதால் கிட்னி கெட்டுவிடாது. அதுவே தினசரி வழக்கமானால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அருகிலேயே மலவாய் இருப்பதால் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி சுலபமாக ஏறிவிடும். நீர்க்கடுப்பு பெண்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் இந்த அமைப்புதான். அவர்கள் சுத்தமாக இல்லை என்பதல்ல.

என் வகுப்பில் எத்தனையோ மாணவிகள் காலை எட்டரை மணியிலிருந்து மாலைவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கும் இதே கதி. அவர்களைத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று அறிவுரை சொல்வதற்கு முன்னால், போக ஒரு இடம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

"யூரின்ல உப்பு இருக்கு" என்கிறார்களே, சமையல் உப்பைக் குறைத்தால் போய்விடுமா?

இந்தக் குழப்பம் பெஞ்சில் இருந்த ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிப் பேச்சில் "உப்பு" என்பது மூன்று வெவ்வேறு சங்கதிகள். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் "யூரின்ல உப்பு" என்றால் ஆல்புமின் என்ற புரதம். அது முட்டை வெள்ளைக்கருவின் இனம், உப்பே கிடையாது. நூல்பந்தின் சல்லடை பழுதானால் ஒழுகும். "ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது" என்றால் யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள். மூன்றாவதுதான் சாப்பாட்டு உப்பு. இதைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையும், அந்த வகையில் கிட்னிக்கு நல்லது. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் இதை மட்டும் குறைத்துவிட்டு மற்ற இரண்டும் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எந்த உப்பு?" என்று கேளுங்கள்.

கிரியாட்டினின் 1.2. நார்மல்தானே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. கிரியாட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. தசை அதிகமிருந்தால் அதிகம் உண்டாகும். இப்போது பயன்படுத்தும் சூத்திரப்படி, 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால் வடிதிறன், அதாவது நிமிடத்துக்கு வடியும் மில்லி, சுமார் 86. அதே 1.2, 70 வயது அம்மாவுக்கு என்றால் சுமார் 49. அது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். தாளில் "நார்மல்" என்று அச்சடித்த எல்லைக்குள் இருப்பதாலேயே நிறைய வயதான பெண்களுக்கு நோய் இருப்பது தெரியாமலே போகிறது, என் அம்மாவுக்கும் அப்படித்தான். ஏறக்குறைய பாதித் திறன் போகும்வரை அந்த எண் பெரிதாக அசையாது. அதனால் ரிப்போர்ட்டில் இந்த வடிதிறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணையும் சிறுநீரில் ஆல்புமின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் வருஷம் ஒரு தடவையாவது. நூல்பந்துகளை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தேய்ப்பவை அந்த இரண்டும்தான்.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் கெடுக்கலாம். நூல்பந்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைக்கும் ஒரு வேதிப்பொருளை அவை தடுக்கின்றன. குழாய் சுருங்கினால் வடிதல் குறையும். திடகாத்திரமான ஒருவருக்கு எப்போதாவது ஒன்று பாதிப்பதில்லை. வயதானவர், ஏற்கெனவே கிட்னி பலவீனமானவர், வாந்திபேதியில் நீர் வற்றியவர், இவர்களுக்கு ஆபத்து. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கித் தினமும் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? இளநீர் நல்லதுதானே?

நல்ல கிட்னி என்றால் தாகம் சொல்வதைக் கேட்டால் போதும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. கல் வந்தவர்கள் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீரோடு நிழலும் ஓய்வும் வேண்டும். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் ஆந்திராவின் உத்தானத்திலும் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்குக் கிட்னி கெடுகிறது. சந்தேகப்படும் காரணங்களில் வெயிலில் உடம்பு வற்றுவதும் ஒன்று.

கிட்னி செயலிழந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழ். குடித்தது வெளியேறாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். கிட்னி வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். பெஞ்சில் ஒரு தம்பி தன் அப்பாவுக்கு அன்பாக இரண்டு இளநீர் வாங்கி வந்திருந்தார். தடுத்து நிறுத்தி விளக்கியபோது அவர் கண் கலங்கிவிட்டது. நட்சத்திரப்பழமும் அப்படித்தான், இவர்களுக்கு அது நரம்பைத் தாக்கும் நஞ்சு.

கிட்னி போனால் ரத்தசோகை ஏன் வருகிறது?

கழிவகற்றுவது கிட்னியின் ஒரு வேலைதான். எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணு உற்பத்தி செய்யச் சொல்லும் எரித்ரோபொய்டின் ஹார்மோன் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. வைட்டமின் டி அங்குதான் முழு வேலைக்குத் தயாராகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனினும் அங்கிருந்துதான். அம்மாவுக்கு முதலில் தெரிந்த அறிகுறி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. சத்துக் குறைவு என்று பல மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம்.

டயாலிசிஸ் கிட்னியின் வேலை முழுவதையும் செய்துவிடுமா?

இல்லை. ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் அளவாகக் கலந்த உப்புநீர். கழிவு செறிந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகர்கிறது. நெதர்லாந்தின் கம்பன் ஊரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943இல் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் தொத்திறைச்சி சுற்றும் செல்லோஃபேன் குழாயை வைத்து இதைச் செய்துகாட்டினார். முதல் நோயாளிகள் பலர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார்.

வாரத்தில் 168 மணி நேரம். கிட்னி அத்தனை நேரமும் உழைக்கிறது. மெஷின் 12 மணி நேரம். இடைப்பட்ட நாட்களில் சேர்வதைச் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கட்டுப்படுத்தித்தான் சமாளிக்க வேண்டும். ஹார்மோன்களை மெஷின் தராது, ஊசியாகத்தான் போட வேண்டும். வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஒரு கிட்னியைக் கொடுத்தவர் நன்றாக இருக்க முடியுமா? மாற்றும்போது பழையதை எடுத்துவிடுவார்களா?

சோதித்துத் தகுதி பார்த்த பிறகு கொடுப்பவர் நன்றாகவே வாழ முடியும். மிஞ்சியிருக்கும் கிட்னி சில வாரங்களில் கூடுதலாக வேலை செய்யப் பழகிவிடும். முதல் வெற்றிகரமான மாற்று சிகிச்சை 1954இல் பாஸ்டனில், இரட்டைச் சகோதரர்களிடையே நடந்தது. அதைச் செய்த ஜோசப் முர்ரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்தார்கள்.

பழைய கிட்னிகளைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, அவை இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயோடு இணைத்து, சிறுநீர்க் குழாயைப் பையில் தைப்பார்கள். உயிரோடு இருப்பவர் கொடுத்த கிட்னி என்றால், ரத்தம் பாய்ந்த சில நிமிடங்களில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்ட ஆரம்பித்துவிடுவதுண்டு.